பள்ளி விழாவில் ‘உலகப் பண்பாடு’: பன்னிரண்டு நாடுகளா, மூன்று நிகழ்ச்சிகளா?

குடமுருட்டி:
கும்பகோணம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். தை மாச ஆண்டு விழாவுக்கு ‘உலகப் பண்பாடு’ன்னு தலைப்பு வச்சிருக்காங்க. 12 நாடு, ஒரு நாட்டுக்கு 4 நிமிஷம், பாட்டெல்லாம் பென்டிரைவ்ல, டிரஸ் வாடகைக்கு. பட்டியல்ல ‘ஆப்பிரிக்கா’ன்னு ஒரே வரி, அங்க 54 நாடு இருக்கு. அதுக்கு இலைப் பாவாடை, உடம்பெல்லாம் கரி. இதை விட்டுட்டு மூணே மூணு நிகழ்ச்சி, பிள்ளைங்களே வாசிச்சுப் பாடி ஆடற மாதிரி வைக்கலாம்ங்கிறது என் கட்சி.

வெண்ணாறு:
கரி பூசறது கூடாது, அதுல மறுபேச்சே இல்லை. ஆனா மூணு நிகழ்ச்சின்னா எத்தனை பிள்ளை மேடை ஏறும்? தாத்தா பாட்டியெல்லாம் பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் வர்றாங்க, பிலிப்பைன்ஸைப் பார்க்க இல்லை. 12 குழு, குழுவுக்கு 20 பேர்னா 240 பிள்ளை. உங்க மூணுல எத்தனை தேறும்? பெற்றோர் கூட்டத்துல யார் பதில் சொல்றது?

ஒலிமேசை:
12 × 4 = 48 நிமிஷம்னு கணக்குப் போட்டுடாதீங்க. 20 சின்னப் பிள்ளைங்க இறங்கி அடுத்த 20 பேர் ஏறி நிக்க 3 நிமிஷமாவது ஆகும். 11 மாற்றம், 33 நிமிஷம். விருந்தினர் பேச்சு, பரிசளிப்பு சேர்ந்தா ராத்திரி 10-ஐத் தொட்டுடும். 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ம் வருஷ விதியே இருக்கு. போன்ல பாட்டு ஓட்டினா நடுவுல யாராவது கூப்பிடுவாங்க. 01, 02ன்னு எண் போட்ட பென்டிரைவ் ஒண்ணு, அதோட நகல் இன்னொண்ணு, ரெண்டையும் முதல் நாளே என்னை மாதிரி ஆள்கிட்ட குடுத்துடணும்.

குடமுருட்டி:
வெண்ணாறு, எண்ணிக்கைக்குப் பதில் பாலித் தீவுல இருக்கு. கேச்சாக். வாத்தியமே கிடையாது, குரல்தான். 60 பேர், 80 பேர் வட்டமா உட்கார்ந்து ‘சக், சக்’னு சொல்ல, நடுவுல ராமாயணக் காட்சி. 1930-கள்ல வெளியூர்க்காரங்க பார்க்கிறதுக்குன்னே மேடை வடிவமா உருவானது. இதுக்கு மூலமா, அருள் வந்து ஆடற சங்ஹியாங்னு ஒரு சடங்கு இருக்கு. அந்த அருள் வர்ற பகுதியைத் தொடாம குரல் பின்னலை மட்டும் எடுத்துக்கலாம்.

பயிற்சிக்கு எளிமையா இப்படிப் பிரிங்க. எட்டு எண்ணிக்கை. முதல் குழு 1, 4, 7-ல ‘சக்’. ரெண்டாவது 2, 5, 8. மூணாவது 3, 6, அப்புறம் அடுத்த சுற்றோட 1. மூணும் சேர்ந்தா எட்டு இடமும் நிரம்பிடும், 1-ல மட்டும் ரெண்டு குழு விழும். ஒருத்தர் தனியா ‘புங்’னு எட்டையும் பிடிக்கணும். எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போடத் தெரிஞ்ச பிள்ளைங்க நம்ம பக்கம் வகுப்புக்கு நாலு பேர் இருப்பாங்க. குழுவுக்கு ஒருத்தரைத் தலைவரா வைங்க. ரெண்டாம் குழுதான் முதல்ல சறுக்கும், பக்கத்துக் குழுவோட 1-க்கு இழுபட்டுடும். முதல் வாரம் மூணு குழுவையும் தனித்தனி அறையில உட்கார வைங்க.

வெண்ணாறு:
60 பேர் வட்டமா உள்நோக்கி உட்கார்ந்தா அம்மாக்காரிக்குத் தெரியறது பிள்ளையோட முதுகுதான். நீங்க கணக்கை மட்டும் பார்த்தீங்க, போட்டோவை மறந்துட்டீங்க.

ஒலிமேசை:
மேடையில வேணாம். மேடைக்கு முன்னாடி மண்ணுல உட்கார வச்சு, மூணு பக்கமும் நாற்காலி போட்டா எதிர்ப்பக்கத்துப் பிள்ளை முகம் தெரியும். நாலு சாதாரணக் கை மைக், குட்டை ஸ்டாண்டுல, வட்டத்து நடுவுல வெளிப்பார்வையா. மேல தொங்கவிடற மைக் வேணாம், பாக்ஸ் பக்கத்துல இருந்தா ‘கூ’ன்னு ஊளையிடும். பாக்ஸ் ரெண்டும் வட்டத்துக்கு முன்னாடி, மக்களைப் பார்த்து.

அரசலாறு:
எனக்கு இந்தத் திசையே புரியவில்லை. உலகத்தைத் தேடி பாலிக்கு ஏன் போக வேண்டும்? உலகம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்து போன கதையைச் சொல்ல ஒரு மாலை போதாது. கர்நாடக சங்கீதத்தில் வயலினைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுசாமி தீட்சிதர் (1786–1859). அவருடைய அண்ணன், திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர், ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு. மெலட்டூரில் ஆண்கள் மட்டும் ஆடும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் தெலுங்கில் நடக்கிறது. வீட்டுக்குள் இவ்வளவு இருக்கும்போது வாடகை உடை எதற்கு?

நோட்டுஸ்வரம் பிள்ளைகளுக்கு உகந்தது. கமகம் என்கிற ஸ்வர அசைவு இல்லை, நேரான ஸ்வரம். நான் சொன்ன அந்தப் பிரிட்டிஷ் கீத மெட்டு மூன்று மூன்று எண்ணிக்கையாக நடக்கும். ஒரு வயலின், ஒரு சுருதிப் பெட்டி, 30 குரல் போதும். பாட்டு கற்ற பிள்ளைகள்தான் கெடுப்பார்கள், பழக்கதோஷத்தில் காந்தார ஸ்வரத்தை அசைத்துவிடுவார்கள்.

குடமுருட்டி:
அரசலாறு சார், நோட்டுஸ்வரம் பிரமாதம், எடுத்துக்கறேன். ஆனா மாலை முழுக்க அதையே வச்சா ‘உலகமே நம்ம வாசலுக்கு வந்துச்சு’ன்னு பெருமை பேசற விழாவா ஆயிடும். நமக்குக் கொஞ்சம்கூடப் பழகாத ஒண்ணு, பிள்ளைங்க தடுமாறிக் கத்துக்கிற மாதிரி இருக்கணும்.

அதுக்குத்தான் டினிக்ளிங். பிலிப்பைன்ஸ், லேய்ட்டி தீவு. வயல்ல திரியற பறவை மூங்கில் பொறிக்குத் தப்பி தாவறதைப் பார்த்து வந்த ஆட்டம்னு சொல்றாங்க. நம்ம கானாங்கோழி குடும்பத்துப் பறவைதான். 9 அடி மூங்கில் ரெண்டு, அதைத் தாங்க இரண்டரை அடி நீளக் கட்டை ரெண்டு, கட்டை உயரம் 2 அங்குலம். மூணு எண்ணிக்கை: மூங்கில் ரெண்டும் ஒரு தரம் ஒண்ணோட ஒண்ணு மோதும், ரெண்டு தரம் அகண்டு கட்டையில தட்டும். அகண்டிருக்கும்போதுதான் கால் உள்ள.

அடிபடறது ஆடறவங்களைவிட மூங்கில் பிடிக்கிறவங்கதான். கட்டைவிரல் உள்பக்கம் வளைஞ்சிருந்தா ரெண்டு மூங்கிலுக்கும் நடுவுல நசுங்கும். மேலேர்ந்து, வெளிப்பக்கமா பிடிக்கணும். கணுவை நல்லாச் செதுக்கித் தேய்ச்சுடணும். மூங்கிலைத் தூக்கக்கூடாது, கட்டைமேலேயே இழுக்கணும். தூக்கினா கணுக்காலைப் பதம் பார்த்துடும். முதல்ல சுண்ணாம்புக் கோடு, அடுத்து அசையாத மூங்கில், கடைசியாத்தான் தட்டு. கார்ப்பெட் விரிச்ச மேடையில கட்டை நழுவும், அடியில பழைய சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுங்க. பென்டிரைவ்ல நாலு எண்ணிக்கைக் குத்துப்பாட்டு போட்டு மூணு எண்ணிக்கை ஆட்டம் ஆடச் சொன்னா, பதினஞ்சாவது வினாடியில மூங்கில் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

வெண்ணாறு:
இதையெல்லாம் சொல்லித்தர ஆள்? பி.டி. சாருக்கு ஏற்கெனவே அணிவகுப்பு இருக்கு. பக்கத்து யுனிவர்சிட்டில படிக்கிற வெளிநாட்டுப் பசங்களைக் கூப்பிட்டா என்ன?

அரசலாறு:
கூப்பிடலாம். ஆனால் தான்சானியாவிலிருந்து பி.டெக் படிக்க வந்தவருக்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நம் பிள்ளை வெளிநாட்டில் படிக்கும்போது ‘பரதநாட்டியம் ஆடு’ என்றால் முழிக்க மாட்டானா? முதலில் என்ன தெரியும் என்று கேளுங்கள். சமையல் தெரியும் என்றால் மேடைக்கு வெளியே ஒரு கடை கொடுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவரைச் சம்பளம் பேசி மேடையேற்றுவது வேறு சிக்கல்.

ஒலிமேசை:
ஜெம்பே வாசிக்கிற குழு யாராவது வந்தா ஒண்ணு கவனிங்க. மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம், ஆட்டுத்தோல், அடிப்பக்கம் திறந்தது. நிமிர்த்தி மேடைமேல வச்சா அடி ஓட்டை அடைபட்டு பேஸ், அதாவது கனத்த சத்தம், செத்துடும். முன்பக்கம் சாய்ச்சு, தொடைக்கு நடுவுல பிடிக்கணும், இல்லைன்னா ஸ்டாண்டு. ஒரு மைக் மேல, ஒண்ணு கீழ் ஓட்டைக்கு. தை மாசம் ராத்திரி பனியில தோல் தொய்ஞ்சுடும். பறைக்குக் காட்டற மாதிரி நெருப்புக் காட்டலாமான்னு கேட்பாங்க, வேணாம். அது கயிறு இழுத்து ஏத்தறது. சூட்டுல ஏத்தி, மேல கயிறையும் இறுக்கினா கிழியும். வெளிச்சம் இருக்கும்போதே அவங்க நிகழ்ச்சியை முடிச்சுடுங்க.

வெண்ணாறு:
சரி, கேச்சாக் 60, நோட்டுஸ்வரம் 30, மூங்கில் ஆட்டம் நாலு ஜோடி மூங்கில்னா பிடிக்க 8, ஆட 16. மொத்தம் 114. மீதி 126 பிள்ளைக்கு? நான் விடமாட்டேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு டிரஸ் போட்ட அணிவகுப்பு ஒண்ணு இருக்கட்டும், நாட்டுப் பேர் எழுதின அட்டையோட. அதை எடுத்தா கமிட்டி இதுல எதுக்குமே ஒத்துக்காது. பையனுங்க நியூசிலாந்துப் பூர்வகுடி மாவோரிகளோட ஹாக்கா ஆட்டம் வேணும்னு நிக்கறாங்க, அதுவும்.

குடமுருட்டி:
எல்.கே.ஜி. அணிவகுப்பு எனக்குப் பிடிக்கலை, ஆனா கமிட்டி விஷயத்துல நீங்க சொல்றது நடப்பு. ஹாக்கா செய்யலாம், முகத்துல மார்க்கர் கோடு மட்டும் வேணாம். மாவோரிகளுக்கு முகக்குறி அவங்கவங்க வம்சம் சொல்றது. ‘கா மாத்தே’ங்கிற ஹாக்காவை எடுத்தா தொகுப்பாளர் தாள்ல, நங்காத்தி தோவா இனத்துத் தலைவர் தெ ரௌபராகா இயற்றினதுன்னு ஒரு வரி வரணும். நியூசிலாந்துல 2014-ல இதுக்குச் சட்டமே போட்டாங்க. நம்மளை அது கட்டாது, ஆனாலும் பேரைச் சொல்றதுக்குச் செலவு ஒண்ணும் இல்லை.

அரசலாறு:
நோட்டுஸ்வரத்தைக் கடைசியில் தள்ளாதீர்கள். பரிசளிப்பு இரைச்சலில் வயலின் எடுபடாது.

வெண்ணாறு:
மூங்கில் எங்க வாங்கறது?

குடமுருட்டி:
பந்தல்காரர்கிட்ட வாடகைக்குக் கேளுங்க. ஏணிக்குப் போடற கெட்டி மூங்கில் வேணாம், கனம், சத்தமும் வராது. உள்ள பொள்ளலா இருக்கணும், வெடிப்பு இருக்கக் கூடாது. தட்டிப் பார்த்து எடுங்க.