12ஏ ஆர்எக்ஸ்-7: நிக்கியைக் கழற்றிவிட்டு வெபரா, ஹோலியா? ஆலோசனை தேவை

கதிர் (மெல்பர்ன்):
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1983 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. 12ஏ ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை), ஐந்து கியர், கிளப் பெர்மிட்டில் (பழைய வண்டிகளுக்கான வரம்புள்ள பதிவு) ஓடும் வண்டி. எஞ்சினில் யாரும் போர்ட்டிங் (காற்றுத் துளைகளைப் பெரிதாக்குவது) செய்யவில்லை என்று விற்றவர் சொன்னார். கார்ப்பரேட்டர் கம்பெனியில் வந்த நிக்கி நாலு பேரல்தான் (நாலு காற்றுத் தொண்டை). எக்ஸாஸ்டும் பழையதே.

4000 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடுகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. இன்னொரு தொல்லை: நெடுந்தூரம் ஓட்டி வந்து பெட்ரோல் போட நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் லேசில் ஸ்டார்ட் ஆகாது. நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டும்.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "நிக்கியைத் தூக்கிப் போடு, வெபர் வை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விசாரித்தால் ஒருவர் வெபர் 48 ஐடிஏ (48 மிமீ தொண்டை, மேலிருந்து கீழே) என்கிறார், ஒருவர் பக்கவாட்டில் நிற்கும் வெபர் டிசிஓஇ என்கிறார், இன்னொருவர் ஹோலி கம்பெனியின் 600 என்கிறார். வார இறுதியில் டேண்டினாங் மலைப் பக்கம் ஓட்டுவதுதான் என் உபயோகம். ரேஸ் எல்லாம் இல்லை. எதை வாங்கலாம்?

ரோட்டரி ராஜா (சிட்னி):
48 ஐடிஏ, கண்ணை மூடிக்கொண்டு. ஆஸ்திரேலியாவில் ரோட்டரி என்றாலே ஐடிஏதான் ப்ரோ. ஒரு ரோட்டருக்கு ஒரு தொண்டை, நேராக மேலிருந்து கீழே, நடுவில் தடையே கிடையாது. அந்த உறுமலைக் கேட்டபிறகு நிக்கி பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பானெட்டில் மட்டும் கொஞ்சம் வேலை வரலாம்.

நந்தா (ஆக்லாந்து):
உறுமல் சரி, பெட்ரோல் காசு யார் கொடுப்பது ராஜா? என் வண்டியில் ஹோலி. பாகங்கள் எங்கும் கிடைக்கும், ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றுவது சுலபம், டியூன் செய்யத் தெரிந்தவர்களும் நிறையப் பேர். கதிர், பட்ஜெட் சின்னது என்றால் இதைப் பாருங்கள்.

சிவா (ஸ்கார்பரோ, கனடா):
தம்பி கதிர், வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் கார்ப்பரேட்டர் சின்னதாக இருப்பதால் வருகிறவை மாதிரித் தெரியவில்லை.

நிக்கியில் முதலில் திறக்கும் பிரைமரி தொண்டை இரண்டு, வேகம் கூடும்போது திறக்கும் செகண்டரி இரண்டு. செகண்டரியைத் திறப்பது ஒரு வேக்குவம் டயஃப்ரம் (காற்று உறிஞ்சலில் நகரும் ரப்பர் சவ்வு). அந்த ரப்பர் 40 வருடத்தில் கிழிந்திருக்கும், அல்லது விறைத்துப் போயிருக்கும். கிழிந்தால் செகண்டரி திறக்காது. நாலு பேரல் கார்ப்பரேட்டர் இரண்டு பேரலாக வேலை செய்யும். கீழே நன்றாக இழுத்து 4000-க்கு மேல் மூச்சு முட்டுவது அதற்கு அச்சு அசலான அறிகுறி. டயஃப்ரம் கம்பியைக் கையால் மேலே தள்ளி, வேக்குவம் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கம்பியை விடுங்கள். நின்றால் நல்லது. உடனே கீழே இறங்கினால் கிழிசல்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு வேறு காரணம். 12ஏ-யில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கம். கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, சூடு மேலே ஏறி, ஃப்ளோட் அறையில் (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) உள்ள பெட்ரோல் பொங்கி உள்ளே ஒழுகும். அடுத்த முறை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் வாசத்தோடு கிளம்பினால் எஞ்சின் ஃப்ளட் ஆகிறது (பெட்ரோல் அதிகமாகி மூழ்குகிறது) என்று அர்த்தம். நிக்கியின் ஃப்ளோட் அறைகளில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, மட்டம் கூடியிருக்கிறதா பாருங்கள். கார்ப்பரேட்டருக்கு அடியில் உள்ள வெப்பத் தகடு இருக்கிறதா, பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெபரை வைத்தாலும் அதே சூட்டின் மேல்தான் வைக்கப் போகிறீர்கள்.

கதிர்:
மிக்க நன்றி அண்ணா. இதையெல்லாம் அந்த மெக்கானிக் தொட்டே பார்க்கவில்லை. சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இருந்தாலும் எப்படியும் ஒருநாள் வெபர் வைக்கத்தான் ஆசை. அதற்கு எப்படிக் கணக்குப் போடுவது? சின்ன எஞ்சின்தானே, 1146 சிசி. 48 மிமீ தொண்டை கொஞ்சம் அதிகமில்லையா?

சிவா:
நல்ல கேள்வி. பிஸ்டன் கணக்கில் பார்த்தால் அதிகம்தான். ரோட்டரியில் ஒரு ரோட்டர் 573 சிசி. எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (எஞ்சினின் நடு அச்சு) ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை காற்றை இழுக்கும். நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இழுக்கும். ஆகவே உங்கள் 1146, காற்று இழுப்பதில் 2292 சிசி பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம். அதையும் இரண்டே தொண்டை பங்கு போட்டுக்கொள்கிறது. நாலு சிலிண்டர் காரில் ஒரு தொண்டை 500 சிசிக்குச் சோறு போடுகிறது என்றால், இங்கே 1100-க்கு மேல். அதனால்தான் 45-ம் 48-ம் ரோட்டரியில் சாதாரணம்.

இதே காரணத்தால் பிஸ்டன்காரர்கள் சொல்லும் "வெஞ்சுரி (தொண்டைக்குள் குறுகும் வளையம்) அளவு பெருக்கல் நாலு" என்ற மெயின் ஜெட் கணக்கை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. கலவை மெலிந்துவிடும். பெரிய ஜெட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். முழு மிதியில் 12.5-லிருந்து 13 வரை நின்றால் போதும். மெலிந்த கலவையில் டெட்டனேஷன் (கலவை தானாக வெடிப்பது) வந்தால் அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில் உள்ள அடைப்புப் பட்டை) போய்விடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

ஹோலிக்கும் ஒரு கணக்கு. 7000 ஆர்பிஎம்மில் 12ஏ எஞ்சின் இழுப்பது, நூறு சதவீதம் நிரம்புகிறது என்றே வைத்தாலும், நிமிடத்துக்குச் சுமார் 283 கன அடி. அதற்கு 600 எதற்கு? கம்பெனி போர்ட்டில் 600 வைத்தால் காற்று மெதுவாகப் போய், கீழே மிதிக்கும்போது தடுமாறும். ஹோலிதான் வேண்டும் என்றால் 465 போதும்.

நந்தா:
ஒப்புக்கொள்கிறேன், என்னுடையதும் 465-தான். 600 எடுத்தவர்கள் பெரும்பாலும் 13பி-யில் (12ஏ-யைவிடப் பெரிய ரோட்டரி எஞ்சின்) பெரிய போர்ட்டிங் செய்தவர்கள். மலைச் சாலைக்கு இன்னொன்று சொல்லிவிடுகிறேன்: வளைவில் வேகமாகத் திருப்பினால் ஹோலி ஃப்ளோட் அறையில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, வெளியே வரும்போது ஒரு விக்கல் வரும். சென்டர் ஹங் ஃப்ளோட் (நடுவில் தொங்கும் மிதவை) உள்ள பௌல் போட்டால் குறையும்.

ரோட்டரி ராஜா:
எல்லோரும் சேர்ந்து ஐடிஏ-வை ஓரங்கட்டிவிட்டீர்களே.

சிவா:
ராஜா, முழு மிதியில் ஐடிஏ-வுக்கு நிகர் இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது ரேசுக்காகச் செய்த கார்ப்பரேட்டர். கோல்ட் ஸ்டார்ட் ஏற்பாடு கிடையாது. 48 ஐடிஏ-யில் புரோகிரஷன் துளை (லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் தருவது) இரண்டுதான். ஐடிலிலிருந்து மெயின் ஜெட்டுக்கு மாறும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். பலர் மூன்றாவது துளை போட்டுச் சமாளிக்கிறார்கள். டேண்டினாங்கில் அரை மிதி, கால் மிதி என்று ஓட்டும் கதிருக்கு அந்தப் பள்ளத்திலேயே பாதி நேரம் போகும்.

டிசிஓஇ-யில் புரோகிரஷன் நன்றாக இருக்கும், குளிரில் ஸ்டார்ட் செய்யவும் வழி உண்டு. பக்கவாட்டில் நிற்பதால் ரன்னர் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) நீளம், நடு வேகத்தில் இழுவை நன்றாக வரும். தெருவில் ஓட்ட நான் எடுப்பது 48 டிசிஓஇ, உள்ளே சின்ன வெஞ்சுரி. வெஞ்சுரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், தொண்டையை மாற்ற முடியாது.

இடம் மட்டும் யோசிக்க வேண்டியது. என் வண்டி இடது பக்க ஸ்டியரிங். இன்டேக் வலது பக்கம், பிரேக் பூஸ்டர் இடது பக்கம், சண்டையே இல்லை. உங்களுக்குப் பூஸ்டர், ஸ்டியரிங் எல்லாம் இன்டேக் இருக்கும் அதே வலது பக்கம். மேனிஃபோல்ட் வாங்குமுன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, ஏர் ஃபில்டரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வலது ஸ்டியரிங் வண்டிக்கென்றே செய்த மேனிஃபோல்ட் கேட்டு வாங்குவது நல்லது. ஐடிஏ எடுத்தால் இதே சிக்கல் பானெட்டோடு. ஃபில்டர் மேல் களிமண் உருண்டை வைத்து மூடிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

நந்தா:
ஆயில் பம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சிவா:
அதுதான் முக்கியம், சொல்லத் தவறக் கூடாது. 12ஏ-யில் ஆயில் மீட்டரிங் பம்ப் எஞ்சின் ஆயிலை மெல்லிய குழாய் வழியாக நிக்கிக்குள் விடுகிறது. பெட்ரோலோடு சேர்ந்து போய் அபெக்ஸ் சீலை நனைப்பது அந்த ஆயில். மிதிக்கு ஏற்ப அளவு கூட, ஒரு கம்பி ஆக்சிலரேட்டர் லிங்கேஜோடு இணைந்திருக்கும். நிக்கியைக் கழற்றினால் இந்த வழி அறுந்துபோகும். புது மேனிஃபோல்டில் அந்தக் குழாய்களுக்கு இடம் இருக்க வேண்டும், கம்பியையும் புது லிங்கேஜில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பம்பைத் தகடு போட்டு அடைத்துவிட்டு, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பலரும் கலக்கிறார்கள். மறதிக்காரர் என்றால் பம்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பிரஷரையும் கவனியுங்கள். வெபருக்கு 3 பிஎஸ்ஐ போதும். கூடினால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும், ரோட்டரி ஃப்ளட் ஆனால் படும் பாடு உங்களுக்கே தெரியும். ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன், லிங்கேஜ், ஃபில்டர், ஜெட் செட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அந்தப் பணத்தில் முதலில் எக்ஸாஸ்ட் மாற்றுவதே என் யோசனை. கம்பெனி போர்ட் 12ஏ-யில் நல்ல ஹெட்டரும் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதில் வைப்பது) தாராளமான குழாயும் தரும் பலன், கார்ப்பரேட்டர் மட்டும் மாற்றித் தருவதைவிட அதிகம். அதற்கும் முன்னால் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். 250 ஆர்பிஎம்மில் சதுர செ.மீ.க்கு 6 கிலோவுக்குக் கீழே இருந்தால் வெபர் பேச்சையே விட்டுவிடலாம்.

கதிர்:
பார்த்தாயிற்று. டயஃப்ரம் கிழிசல், கம்பி நிற்கவே இல்லை. புது டயஃப்ரம் போட்டதும் 4000-க்கு மேல் வண்டி வேறு வண்டி மாதிரி போகிறது! பின்பக்க ஃப்ளோட் மட்டம் கண்ணாடிக் குறிக்கு மேலே இருந்தது, இறக்கினேன். சூட்டில் முன்பைவிடச் சீக்கிரம் கிளம்புகிறது, முழுதாகச் சரியாகவில்லை. வெப்பத் தகட்டைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன். கம்ப்ரஷன் இரண்டு ரோட்டரிலும் 7-க்கு மேல்.

ஆக, இப்போதைக்கு எக்ஸாஸ்ட், நிக்கி அப்படியே. ஆனால் பக்கத்திலேயே ஒருவர் பழைய 48 டிசிஓஇ விற்கிறார். பிற்பாடு உதவும் என்று எடுத்து வைக்கலாமா?

ரோட்டரி ராஜா:
ஆசை விடவில்லை பாருங்கள்.

சிவா:
எடுக்கலாம், பார்த்து எடுங்கள். த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று இழுத்து, ஐடில் எந்தக் காலத்திலும் நிற்காது. புஷ், பேரிங் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வெபர் பேரில் போலிகளும் சுற்றுகின்றன, வார்ப்பின் நேர்த்தியையும் பொறித்த எழுத்துகளையும் ஒரு நல்ல வெபரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே என்ன வெஞ்சுரி இருக்கிறது என்று கேளுங்கள், 42 அல்லது அதற்கு மேல் என்றால் சின்னது தனியாக வாங்க வேண்டிவரும். மூடியைத் திறந்து ஃப்ளோட் அறையைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் தண்ணீர் நின்ற கார்ப்பரேட்டர், விட்டுவிடுங்கள். வெப்பத் தகடு என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, தபால் செலவு மட்டும் போதும். தனிச்செய்தி போடுங்கள்.