டி டிரைவில் இருந்தால் பத்திரம் என்று நம்பியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைவாசி:
அக்கா கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் டி டிரைவில் இருந்தது. ஒரே ஒரு காப்பி மட்டும் வைத்துக்கொள்வது ஆபத்து என்று அப்பா அதையே இ டிரைவிலும் போட்டு வைத்திருந்தார். அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றையே சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்து, சி-யில் விண்டோஸ் இருக்கு, வைரஸ் வந்தாலும் டி-க்கும் இ-க்கும் ஒன்றும் ஆகாது சார் என்று சொல்லியிருந்தார். அப்பா நம்பினார், திரையில் மூன்றும் தனித்தனியாகத்தானே தெரிகிறது. அப்புறம் ஒரு நாள் கேபினட்டுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம், விண்டோஸ் வரவில்லை. வேறொரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த தம்பி நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உலோகப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார்" என்றார். அப்பா குனிந்து கேபினட்டுக்குள் பார்த்தார். "சி போயிடுச்சு, சரி. டி-யும் இ-யும் எங்கப்பா இருக்கு?" அந்தத் தம்பி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போட்டோ போனதுகூட ஆறிவிட்டது. பொறுப்பாக இரண்டு காப்பி எடுத்து வைத்த மனுஷருக்கு இப்படி ஆனதுதான் இன்னமும் ஆறவில்லை.

தஞ்சை டெல்டா:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வைரஸ் டி-க்கும் இ-க்கும் பரவலாம் என்பதை மட்டும் விட்டுவிட்டார். வயலுக்கு நடுவில் வரப்பு போட்டால் ஆடு ஒரு பக்கம் மேய்ந்தாலும் இன்னொரு பக்கம் தப்பும், ஆறு உடைத்துக்கொண்டால் இரண்டும்தான் முழுகும். ஒரே டிஸ்க்கை இப்படிப் பிரிக்கிற பார்ட்டிஷனும் அவ்வளவுதான். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் துடைத்து ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றலாம், டி அப்படியே இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவ் வைரஸ் படுத்திய பாட்டுக்கு இது பெரிய உதவி. நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் இது வாடிக்கையான வேலை.

எனக்கு உறுத்துவது வேறு. எம்ஃபில் படித்த ஒரு பெண் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, "எல்லாம் டி-யிலதான் இருக்கு, சி-யை அடிச்சிடுங்கண்ணா" என்றார். முதலாளியும் அடித்துவிட்டார். மாலையில் வந்து ஆன் பண்ணினால் பச்சை மேடு, நீல வானம், ஓரத்தில் ரீசைக்கிள் பின், வேறு எதுவும் இல்லை. ஆய்வேடு முழுக்க டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக இருந்திருக்கிறது. டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி-க்குள்தான் இருக்கின்றன என்பதை அதுவரை யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னதில்லை. விண்டோஸ் 11-லும் இது மாறவில்லை, நாமாக இடம் மாற்றினால்தான் உண்டு.

மதுரைவாசி:
தஞ்சை, நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. "டிஸ்க்கே போனால் மூணும் சேர்ந்து போகும் சார்" என்று இன்னொரு வரி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு வருத்தம்.

நொய்யல்கரை:
எனக்கு நேர் எதிராக நடந்தது. டிஸ்க் நிஜமாகவே இரண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டது என்று, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டு, அதில் விண்டோஸ் ஏற்றித் தந்தார்கள். சி எஸ்எஸ்டியில், டி பழைய டிஸ்க்கில், நன்றாகத்தான் ஓடியது. தம்பி வீட்டுக்கு வேண்டும் என்று பழையதைக் கழற்றியதும், கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று வெள்ளை எழுத்து. சி பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அதைத் தொடங்கத் தெரியவில்லை. விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கும் இணைந்தே இருந்ததால், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்கள், அதில் அதற்கென்றே ஏற்கெனவே இருந்த ஈஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனிலேயே போய் உட்கார்ந்துவிட்டன. வெறும் 100 எம்பி, மை கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியாது. புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்கின் கேபிளை உருவிவிடச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரி:
பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்பில் டி-யும் இ-யும் இருந்தும், "பேக்கப் எடுக்கத் தனி டிஸ்க் வாங்குங்க" என்றேன். "மூணு டிரைவ் இருக்கே, நாலாவது எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டார். அன்றைக்கு வாயால் விளக்கிப் புரியவைக்க முடியவில்லை, அதனால் காட்டும் வழியைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போனால் இடது ஓரத்தில் டிஸ்க் 0 என்று போட்டு, பக்கத்திலேயே சி, டி, இ என்று எழுத்துகள் இருக்கும். மூன்று எழுத்தும் டிஸ்க் 0 பக்கத்திலேயே இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்க். டிஸ்க் 1 என்று தனியாக ஒன்று இருந்து அதில் டி இருந்தால்தான் டி வேறு டிஸ்க். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் குழம்ப வேண்டாம். ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஒரு வரிசை ஒரு டிஸ்க், வரிசைக்குள் இருக்கும் கட்டங்கள் பார்ட்டிஷன். அங்கே எதையும் அழிக்காதீர்கள், பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். 1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

சி நிறைந்து சிவப்பாகிவிட்டது என்று டி-யைச் சுருக்கிப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று: சுருக்கினால் காலியிடம் டி-க்குப் பின்னால்தான் வரும். சி-யை நீட்ட அதற்கு ஒட்டி வலது பக்கத்தில் இடம் வேண்டும், அதனால்தான் சி-யை நீட்டும் எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வரி மங்கலாகவே நிற்கிறது. நடுவில் விண்டோஸைச் சரிசெய்ய உதவும் ரிக்கவரி பார்ட்டிஷன் இருந்தாலும் இதே கதைதான். வேறு இடத்துக் காலியிடத்தைச் சேர்க்கப் போய் டிஸ்க்கை டைனமிக் டிஸ்க் என்ற வேறு அமைப்புக்கு மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்க்கின் உடல்நிலை பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, மஞ்சள் காட்டினால் அன்றைக்கே காப்பி எடுங்கள். எஸ்எஸ்டி டிக் டிக் என்று சத்தம் போட்டுச் சொல்லாது, பல சமயம் சொல்லாமலே போய்விடும்.

குடந்தை:
சேலம் அக்கா, எழுத்தைப் பார்க்கச் சொல்வது சரி, ஆனால் எழுத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். விண்டோஸ் இன்ஸ்டால் திரையில் சி, டி எதுவும் வராது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, டிரைவ் 1 பார்ட்டிஷன் 1 என்கிற மாதிரிதான் வரும். வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர் எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகியிருப்பதைக் கவனிக்காமல், வரிசையாக டெலிட், டெலிட் என்று அடித்துக்கொண்டே போனார். என் மனைவிதான் "அண்ணா, அந்தக் கறுப்பு டப்பாவில லைட் மினுக்குதே" என்றார். அவர் கை அப்படியே நின்றது. அதற்குள் அதன் பார்ட்டிஷனும் போய்விட்டது.

நல்ல வேளை, அதன்மேல் எதுவும் எழுதப்படவில்லை. டெலிட் அடிக்கும்போது போவது எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் பதிவுதான், ஃபைல்கள் அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை வைத்து என் மைத்துனர் டேபிளைத் திருப்பி எழுதினார், ஃபோல்டர் பெயர்கூட மாறாமல் வந்தது. அந்த டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

முடிச்சூர்க்காரன்:
எல்லோரும் வேறு டிஸ்க் இருந்தால் போதும் என்கிற மாதிரி பேசுகிறீர்கள், அதில்தான் எனக்கு மாறுபாடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே, எக்ஸ்டர்னல் டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். இரண்டு டிஸ்க், இரண்டிலும் தண்ணீர். வடிந்த பிறகு டிராயரைத் திறந்தால் உறைக்குள் சேறு. வெயிலில் காயவைத்து ஆன் பண்ணிப் பார்க்கலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ரிக்கவரி செய்யும் இடத்துக்கு போன் போட்டதும் அவர்கள் முதலில் சொன்னது, "காயவைக்காதீங்க, கரன்ட் கொடுக்காதீங்க, ஈரத்தோட கவர்ல கட்டி எடுத்துட்டு வாங்க." எக்ஸ்டர்னலிலிருந்து பாதிக்கு மேல் மீண்டது, கம்ப்யூட்டரில் இருந்ததிலிருந்து ஒன்றும் வரவில்லை. இப்போது ஒரு டிஸ்க் கோயம்புத்தூரில் தங்கச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசாக இருப்பதை அதில் ஏற்றிவிட்டு வருகிறேன். மதுரை அண்ணா, அந்த டிஸ்க் இன்னும் கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிக் டிக் சத்தம் பெரும்பாலும் டேட்டாவைப் படிக்கும் ஹெட்டின் கோளாறு, உள்ளே சுழலும் தட்டு கீறாமல் இருந்தால் டேட்டாவை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இனி அதற்குக் கரன்ட் மட்டும் கொடுக்க வேண்டாம்.