பி.கே. ஐயங்கார்: பொக்ரான் தவிர வேறென்ன சொல்லலாம்?

கேள்வி: திருநெல்வேலியில் இயற்பியல் ஆசிரியர் நான். நம்மூரில் 1931-ல் பிறந்த அணு விஞ்ஞானி பி.கே. ஐயங்காரைப் பற்றி மாணவர்களிடம் பேச வேண்டும். 1974 பொக்ரான் அணுகுண்டு சோதனையைத் தாண்டி என்ன சொல்லலாம்?

பதில் 1: நியூட்ரான் சிதறலிலிருந்து தொடங்குங்க சார். என் ஆய்வும் அதே துறைதான், அதனால் இதை அழுத்தியே சொல்வேன். 1950களில் கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வகத்தில் இயற்பியலாளர் பிராக்ஹவுஸுடன் ஜெர்மேனியம் படிகத்தை ஆராய்ந்தார். நியூட்ரான் படிகத்தில் பட்டுச் சிதறும்போது அதன் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால், உள்ளே அணுக்கள் அதிரும் விதம் தெரிந்துவிடும். பிராக்ஹவுஸுக்கு 1994-ல் நோபல் கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். ஐயங்கார் மும்பையின் டிராம்பே அணு ஆய்வு மையத்துக்குத் திரும்பி, இங்கேயே கருவிகளைச் செய்ய ஒரு குழுவை வளர்த்தார். எனக்கு அதுதான் அவருடைய ஆகப்பெரிய வேலை.

பதில் 2: ஐயங்கார் குழு உருவாக்கிய பூர்ணிமா அணு உலையை விட்டுடாதீங்க. புளூட்டோனியத்தில் இயங்கிய அந்தச் சிறிய வேக உலை (வேகம் குறைக்கப்படாத நியூட்ரான்களால் இயங்குவது) 1972 மே 18-ல் தானாகத் தொடரும் அணுப்பிளவை, அதாவது தொடர்வினையை, எட்டியது. பொக்ரானுக்குச் சரியாக இரண்டு வருடம் முன்பு.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஓய்வுக்குப் பிறகு?

பதில் 1: 1993-ல் அணுசக்தி ஆணையத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார், ஆனால் பேசாமல் இருக்கவில்லை. 2008 இந்திய-அமெரிக்க அணு ஒப்பந்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் வாதம் எல்லாமே எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் தான் தலைமை வகித்த துறையின் முடிவையே பொதுவெளியில் கேள்வி கேட்டாரே, அதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்க சார்.