சாப்பாட்டு நேரத்தில் கடிபடும் குரங்குகள், அளவைக் கூட்டியும் பயனில்லை

மந்திக்கூட்டம்:
ஒரு மீட்பு மையத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். எங்களிடம் 11 நாட்டுக்குரங்குகள், பாதிக்கு மேல் குரங்காட்டிகளிடமிருந்து மீட்டவை. காலை 9 மணிக்குத் திண்டின் மேல் ஒரே தாம்பாளத்தில் வாழைப்பழம், கேரட், முளைகட்டின பயறு வைக்கிறோம். பெரிய கடுவன் (ஆண் குரங்கு) நடுவில் உட்கார்ந்துவிடும். மூத்த மந்தியும் அதன் மகளும் பக்கத்தில். மற்றவை கம்பியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இந்த மாதம் மட்டும் இரண்டு காது, ஒரு வாலுக்குத் தையல் போட்டிருக்கிறேன். பத்தவில்லையோ என்று சாப்பாட்டைக் கூட்டினோம். கடுவனுக்குத் தொப்பை விழுந்ததுதான் மிச்சம்!

பழைய கீப்பர்:
டாக்டரம்மா, 26 வருஷம் குரங்குக் கூண்டிலேயே கிடந்தவன் சொல்றேன். சண்டை பசியால இல்ல, தாம்பாளத்தால. ஒருத்தன் உட்கார்ந்து மறிக்கிற இடத்துல எவ்வளவு கொட்டினாலும் அது அவனுக்குத்தான். பயறையும் கடலையையும் கூண்டு முழுக்கப் புல்லுல விசிறுங்க. எல்லா மூலைக்கும் அவன் ஒருத்தனே காவல் நிக்க முடியாது. பழத்தைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்குங்க. சின்னதுங்க நாலு துண்டைக் கன்னப்பையில அடைச்சுக்கிட்டு மறைவுல போய்த் தின்னும். கையில முழுப் பழம் இருந்தா பிடுங்குவான். நறுக்காம போட்டாத்தான் நல்லதுன்னு சொல்றவங்களும் உண்டு, சாதுவான கூட்டத்துக்கு அது சரி. அப்புறம் நடுவுல ரெண்டு மூங்கில் தட்டி வைங்க. அவன் முறைக்கிறது கண்ணுல படலன்னாலே பாதிச் சாப்பாடு உள்ள போயிடும்.

காட்டுப்பூனை:
கூண்டு என்றில்லை, காட்டிலும் இதே கதைதான். 1960களில் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலின் குழுவினர் சிம்பன்சிகளை வரவழைக்க வாழைப்பழம் வைத்தார்கள். ஒரே இடத்தில் குவிந்த பழத்துக்குப் பபூன்களும் வந்து சேர, அடிதடி கூடியது. அங்கே ஆய்வு செய்த ரிச்சர்ட் ராங்கம் 1974இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்.

மந்திக்கூட்டம்:
நீங்கள் சொன்னபடி விசிற ஆரம்பித்து 12 நாள் ஆச்சு அண்ணே. தையல் ஊசியை எடுக்கவே இல்லை. கூண்டைக் கூட்டுகிற அக்காதான் திட்டுகிறார், அவருக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை. மழை நாளில் பயறு ஊறிப் புளித்துவிடுகிறது, அன்றைக்கு மட்டும் நாலு மூலையில் நாலு கூடை வைக்கிறோம். கடுவன் இன்னும் 9 மணிக்குப் போய் வெறும் திண்டில் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய கீப்பர்:
உட்காரட்டும்மா. கூடையை நாலோட நிறுத்தாதீங்க, ஆறாக்குங்க.