ஆர்ட்டீமியா கொடுத்தால் மீன் குஞ்சு சாகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மொட்டைமாடியில் தொட்டி வைத்து ஃபைட்டர், ஏஞ்சல் மீன் குஞ்சு எடுக்கிறேன். மூன்று ஈடாக ஒரே கதை. ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் பொரித்துத் தீனியாகப் போடும் பொடி இறால் போன்ற உயிர்) கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், ஆரஞ்சாகத் தெரிய வேண்டிய வயிறு வெளுத்து உப்புகிறது. மூலையில் ஒதுங்குகின்றன. ஐந்தாம் நாள் பாதிக்கு மேல் மிதக்கின்றன. மைக்ரோ புழு மட்டும் தின்ற தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை.

ஆர்ட்டீமியா முட்டை அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் வகை. டின் திறந்து இரண்டு மாதம், ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துப் பொரிக்கிறேன்: போர் தண்ணீர், லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, 2 கிராம் முட்டை, 28 டிகிரி, 24 மணி நேரம் காற்று.

தெரிந்தவர் ஒருவர் லேபில் டிசிபிஎஸ் தட்டில் (விப்ரியோ வகை பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் தட்டு) போட்டுப் பார்த்தார். ஊறவைத்த முட்டையில் நாலைந்து மஞ்சள் புள்ளிகள்தான். பொரிந்த தண்ணீரிலோ எண்ணவே முடியவில்லை. விப்ரியோவாக இருக்கும் என்றார். முட்டை வெடிக்கும்போது வெளியாகும் கிளிசரால்தான் அதற்குத் தீனியாம்.

முட்டையை 20 நிமிடம் ப்ளீச்சில் ஊறவைத்துக் கழுவினேன், மறுநாள் பழையபடி பெருகிவிட்டது. முட்டையின் மேல் ஓட்டை ப்ளீச்சில் முழுதாகக் கரைத்தும் பார்த்தேன். பொரிப்பு பாதியாகிவிட்டது (ப்ளீச்சை முறிக்கும் தயோசல்ஃபேட் போடத் தாமதித்தது என் தப்பாக இருக்கலாம்). இப்போது பொரிந்த ஆர்ட்டீமியாவை வலையில் வடித்து நல்ல தண்ணீரில் அலசித்தான் போடுகிறேன், மீன் குஞ்சுச் சாவு கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஆன்டிபயாடிக் போட மனசில்லை.

பொரிக்கும் அந்த 24 மணி நேரத்தில் விப்ரியோ பெருகாமல் இருக்க, வீட்டு அளவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?