பாண்டிங் கம்பிக்கு ஒரு சொல்: ‘துணை நிலக்கம்பி’ வேண்டாம்

நண்பர்களே,

மின்பணிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், எர்த் கம்பிக்கு ‘நிலக்கம்பி’ என்றும் பாண்டிங் கம்பிக்கு ‘துணை நிலக்கம்பி’ என்றும் முன்மொழிந்திருந்தார்கள். முதலாவதில் எனக்கு மறுப்பில்லை. பாண்டிங் கம்பியை, அதாவது தண்ணீர்க் குழாய் போன்ற உலோகப் பகுதிகளை எர்த்தோடும் ஒன்றோடொன்றும் இணைக்கும் கம்பியை, ‘துணை நிலக்கம்பி’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அதன் வேலையே வேறு.

ஒரு ஹீட்டரில் பழுது ஏற்பட்டு மின்சாரம் அதன் உலோக உடலுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். நிலக்கம்பி வழியே பெரிய மின்னோட்டம் பாய்ந்து எம்சிபி (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழ வேண்டும். விழும்வரை அந்தக் கம்பியின் தடையால் ஹீட்டரின் உடல் 100 வோல்ட் வரை ஏறலாம். பக்கத்துத் தண்ணீர்க் குழாய் சுழிய வோல்ட்டில் இருந்தால், இரண்டையும் ஒருசேரத் தொடுபவர் கதி என்ன? பாண்டிங் செய்திருந்தால் குழாயும் கூடவே 100-ஐ ஒட்டி ஏறிவிடும். தொடுபவருக்கு நடுவே வேறுபாடு சொற்பம். அதாவது, இந்தக் கம்பி குழாயை நிலத்தோடு கட்டிப்போடுவதில்லை. தேவைப்பட்டால் மேலே தூக்கியும் விடுகிறது! பெயரில் ‘நிலம்’ இருந்தால் படிப்பவருக்கு இது பிடிபடாது.

கம்பியின் பருமனைத் தேர்வதிலும் இதே வேறுபாடுதான். நிலக்கம்பிக்குச் சூட்டுக் கணக்கு: பழுது மின்னோட்டத்தை நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, பொருளுக்குரிய மாறிலியால் வகுக்க வேண்டும். தனியாக ஓடும் பிவிசி உறையிட்ட செம்புக்கு அது 143. ஆகவே 1000 ஆம்பியர் 0.1 விநாடி பாய்ந்தால் 2.2 சதுர மி.மீ. வருகிறது, 2.5 போடலாம். (கணக்கில் இறங்க விரும்பாதவர்கள் ஃபேஸ் கம்பி 16 சதுர மி.மீ. வரை இருந்தால் அதே அளவை எடுத்துக்கொள்வார்கள்.)

கட்டடத்துக்குள் நுழையும் உலோகக் குழாய்களை எர்த்தின் முதன்மை முனையோடு இணைக்கும் முதன்மை பாண்டிங் கம்பிக்கு இந்தச் சூட்டுக் கணக்கு இல்லை. பிரிட்டனின் மின்னிணைப்பு விதியான பிஎஸ் 7671-இல் அது கட்டடத்தின் முதன்மை நிலக்கம்பியைப் பார்த்து அமைகிறது: அதில் பாதி, 6 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, செம்பில் 25-ஐத் தாண்டத் தேவையில்லை. அந்த நிலக்கம்பி 16 என்றால் பாதி 8. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 10. நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வரும் வழங்கலுக்கு மட்டும் தனி அட்டவணை உண்டு.

அதனால் என் பரிந்துரை ‘சமன்கம்பி’. மின்னழுத்தத்தைச் சமன் செய்வது. ‘பிணைப்புக் கம்பி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் எதை எதற்காகப் பிணைக்கிறது என்பது அதில் தெரியவில்லை. வேதியியலிலும் ‘பிணைப்பு’ ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கிறது. பெரியது ‘முதன்மைச் சமன்கம்பி’, குளியலறை போன்ற இடங்களில் அந்த இடத்துக்கு மட்டும் போடுவது ‘உள்ளகச் சமன்கம்பி’. இரண்டாவதை அடிபடாதபடி மின்கம்பிக் குழாய்க்குள் ஓட்டினால் குறைந்தது 2.5 சதுர மி.மீ., அந்தப் பாதுகாப்பின்றி வெளியே ஓட்டினால் 4.

அப்புறம், இந்த இரண்டு வகைக் கம்பிகளுக்கும் பொதுப்பெயரான ‘பாதுகாப்புக் கடத்தி’யைச் (protective conductor) சுருக்கி ‘காப்புக் கடத்தி’ ஆக்கிவிடாதீர்கள். காப்பு என்றால் இன்சுலேஷன் என்றுதான் மின்பணியாளர் படிப்பார். நீளமானாலும் ‘பாதுகாப்புக் கடத்தி’யே இருக்கட்டும்.

‘சமன்கம்பி’க்கு மறுப்பிருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். அதில் நிலம் மட்டும் வேண்டாம்.