புதுப்பிப்பு: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மறைவதன் காரணம் கிடைத்தது

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒழுங்காக வேலை செய்ய, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் மட்டும் அவ்வப்போது மறைந்து தானாகத் திரும்புகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ரூட்டர் தன் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் சிஸ்டம் லாகிலேயே விடை இருந்தது: ரேடார் கண்டறியப்பட்டதாக ஒரு வரி.

சேனல் (வைஃபை இயங்கும் அலைவரிசை) ‘ஆட்டோ’வில் இருந்தால் ரூட்டர் 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் சேனல்களுக்கும், அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களுக்கும் போகும். அங்கே ரேடார் அலை தென்பட்டால் உடனே விலக வேண்டும், 30 நிமிடம் அந்தச் சேனலைத் தொடக்கூடாது. வேறொரு டிஎஃப்எஸ் சேனலுக்குத் தாவினாலும் குறைந்தது 60 விநாடி எதையும் அனுப்பாமல் கவனித்த பிறகே பெயரை ஒளிபரப்பலாம். மறைவது அந்த இடைவெளியில்தான்.

சேனலை 36-இல் நிறுத்தி, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியதும் சரியாகிவிட்டது. 160 வேண்டவே வேண்டாம். அது சேனல் 64 வரை பரவி மறுபடி டிஎஃப்எஸ்ஸுக்குள் நுழையும். 2.4-உம் சேர்ந்தே மறைகிறதென்றால் கோளாறு வேறு, ரூட்டரின் பவர் அடாப்டரை முதலில் மாற்றிப் பாருங்கள்.